பக்கத்துப் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து சுகாதாரக் கல்வி நடத்துவதால் மாணவர்களுக்கு உண்மையிலேயே பயன் உண்டா? இல்லை, எல்லாம் கல்லூரிக்குத் தரச்சான்று கொடுக்கும் நாக் அமைப்புக்குக் காட்டுகிற கோப்புக்குத்தானா?

உண்டு. ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் தொனியைப் பார்த்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி வரும் வேலையை யாரோ உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று தெரிகிறது. புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியராக இருப்பீர்கள். கல்லூரியில் நாக் வேலையைப் பார்க்கும் ஐ.க்யூ.ஏ.சி. குழுவின் ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டு, "மூணாவது கிரைட்டீரியன்ல கொலாபரேஷன் காலியா இருக்கு, பக்கத்துல ஒரு நர்சிங் காலேஜைப் புடிங்க" என்றிருப்பார். அப்படித்தான் என்றால் மேலே படியுங்கள். நான் வேலூர்ப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் ஊட்டச்சத்துப் பாடம் எடுக்கிறவள். எந்தக் கல்லூரி என்று சொல்ல மாட்டேன், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.

எங்கள் ஊரில் இந்த விஷயம் கொஞ்சம் வேடிக்கையானது. சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946-ல் நர்சிங் பட்டப்படிப்பு ஆரம்பித்தபோது பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். ஊரீசு கல்லூரிக்கும் அதே பல்கலைக்கழகம், 1954-ல் காட்பாடியில் வந்த ஆக்சீலியம் கல்லூரிக்கும் அதே. அப்புறம் 1988-ல் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் செயல்படத் தொடங்கி, மருத்துவம், நர்சிங் எல்லாம் அந்தப் பக்கம் போனது. 2002-ல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது. முதலில் கோட்டைக்குள்ளே இருந்து பிறகு சேர்க்காட்டுக்குப் போனது. கலைக் கல்லூரிகள் அதன் கீழே வந்தன. ஆக, பழைய வட ஆற்காட்டில் ஒரே பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளாக இருந்தவர்கள், ஒரே டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டே இரண்டு பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஆகிவிட்டோம். தேர்வு தேதி வேறு, விடுமுறை வேறு, வருகைப் பதிவுக் கணக்கு வேறு. பாதிச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஒப்பந்தத் தாளில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

எங்களுக்கும் ஒரு நர்சிங் கல்லூரிக்கும் ஒப்பந்தம் போட்டார்கள். பொன்னாடை, பூங்கொத்து, பின்னால் ஃபிளெக்ஸ், இரண்டு முதல்வர்களும் ஒரே பேனாவைப் பிடித்த மாதிரி ஒரு போட்டோ. அதற்கப்புறம் ஒரு வருஷம் எதுவுமே நடக்கவில்லை. ஒரு நாள் அந்தக் கல்லூரியின் சமுதாய நலத் துறை மேடம் என்னைக் கூப்பிட்டார். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் அதிகமுள்ள ஒரு கிராமம் அவர்களுடைய ஃபீல்டு. "மேடம், மாத்திரை கொடுத்துக்கிட்டேதான் இருக்கோம். ஹீமோகுளோபின் ஏறவே மாட்டேங்குது. உங்க பொண்ணுங்க வந்து சாப்பாடு என்னன்னு பார்க்கிறாங்களா?" என்றார். எங்கள் கொலாபரேஷன் அந்தப் போன் அழைப்பில்தான் தொடங்கியது என்று சொல்வேன். கையெழுத்து போட்ட அன்று தொடங்கியது போட்டோ மட்டும்தான்.

ரத்தசோகை இந்த நாட்டில் அதிசயமான வியாதி இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்று கணக்கு. இதெல்லாம் நர்சிங் பிள்ளைகளுக்கு மனப்பாடம். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து நம்பர் சொல்லிவிடுவார்கள். அந்த நம்பர் ஏன் அங்கேயே நிற்கிறது என்பதுதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

எங்கள் பிள்ளைகள் போய் உட்கார்ந்து, முந்தின நாள் காலையில் எழுந்ததிலிருந்து வாயில் போட்டதையெல்லாம் வரிசையாகக் கேட்டார்கள். இருபத்துநாலு மணி நேர உணவுக் கணக்கு, எங்கள் படிப்பில் அது அடிப்படை. முதல் சில வீட்டிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டால் அந்தப் பெண்கள் எழுந்திருப்பதே இல்லை. எண்ணிக்கைக்குத்தான் கூலி. பசியை டீ குடித்து அடக்குகிறார்கள். நர்சம்மா கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையையும் "மறந்துடப் போறோம்" என்று அந்த டீயோடவே விழுங்குகிறார்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள்தான் இப்படிச் சாப்பிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். டீயில் இருக்கும் டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு எடுத்துக்கொள்ளும் இரும்பு பாதிக்கு மேல் குறைந்துவிடும். மாத்திரைக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நர்சிங் பாடத்திலும் இது இருக்கிறது. ஆனால் அவர்களுடைய படிவத்தில் இருந்த கேள்வி "மாத்திரை சாப்பிடுகிறீர்களா, ஆம்/இல்லை". எதோடு சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க அதில் கட்டமே கிடையாது.

நர்சிங் நண்பர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். உங்கள் படிப்பு குறைவு என்று சொல்லவில்லை. மாத்திரையால் மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்தியவர்கள், வயிறு புரட்டுகிறது என்று தூக்கிப் போட்டவர்கள், இவர்களிடமெல்லாம் பேசி மறுபடி ஆரம்பிக்க வைத்தது அந்த நர்சிங் பெண்கள்தான். கர்ப்பிணிகள் கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டதைக் கண்டுபிடித்து நேரம் பிரித்துக் கொடுத்ததும் அவர்கள்தான். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தத் தைரியம் வராது, வரவும் கூடாது, அது எங்கள் வேலை இல்லை.

சார்ட் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் உரசல் வந்தது. அவர்கள் ஒட்டிய சார்ட்டில் ரத்தம் ஊற பீட்ரூட், மாதுளை என்று பெரிதாகப் படம். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாகும் என்ற நம்பிக்கையை நாமே சுவரில் ஒட்டலாமா? மாதுளை விற்கிற விலையில் பீடிக் கூலியில் யார் வாங்குவார்கள்? கேழ்வரகும் அதில் இருந்தது. நல்ல தானியம்தான், 100 கிராமில் 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, எலும்புக்கு அதைச் சொல்லலாம். இரும்புக்கு அதையே முதலில் வைத்தால், கம்பு என்ன பாவம் செய்தது? அதில் இரும்பு அதிகம். கடைசியில் கம்பு, முருங்கைக்கீரை, கூடவே ஒரு மூடி எலுமிச்சை என்று மாற்றினோம். வைட்டமின் சி சேர்ந்தால் கீரையில் இருக்கும் இரும்பு உடம்பில் ஒட்டும். அந்தக் கிராமத்தில் முருங்கை இல்லாத வாசல் குறைவு, காசும் ஆகாது.

இன்னொரு விஷயத்தை யாரும் அறிக்கையில் எழுத மாட்டார்கள், நான் எழுதுகிறேன். அந்த நர்சிங் வகுப்பில் பாதிப் பேர் கேரளம், வடகிழக்கு. தமிழே தட்டுத்தடுமாறித்தான் வரும். கிராமத்தில் தமிழோடு தெலுங்கும் உருதும் பேசுகிற வீடுகள். எங்கள் வகுப்பில் பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பெண்கள் இருந்தார்கள், வீட்டில் உருது. ஆந்திர எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெலுங்கு. ஆங்கிலத்தில் பிரசன்டேஷன் என்றால் கடைசி பெஞ்சில் ஒளிகிற அந்தப் பெண்கள் அங்கே போய் உட்கார்ந்து பேசியதைப் பார்க்க வேண்டுமே! பர்தா போட்ட ஒரு மாணவி கிழவி ஒருத்தியிடம் உருதுவில் ஏதோ கேட்க, அந்தக் கிழவி மாத்திரை டப்பாவையே எடுத்து வந்து முன்னால் கொட்டினாள். அத்தனை மாதமாக அது அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்திருக்கிறது. ஜோடி ஜோடியாக, அவர்களில் ஒருத்தி எங்களில் ஒருத்தி என்று அனுப்பினோம். மாணவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டீர்களே, இது கிடைத்தது. எங்கள் பிள்ளைகளில் சிலர் அதற்கப்புறம் பொதுச் சுகாதாரம் படிக்கப் போனார்கள். அதற்கு முன் அப்படி ஒரு படிப்பு இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

"இதெல்லாம் சர்வேதானே, ஆராய்ச்சியா?" என்று ஒரு கூட்டம் வரும். இருக்கட்டும். ஆனால் ஒரு நடைமுறை லாபம் சொல்கிறேன். மனிதர்களிடம் தகவல் எடுத்து ஆய்வாக எழுத வேண்டுமானால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல் அதைத் தெளிவாகச் சொல்கிறது. எங்களை மாதிரி பல கலைக் கல்லூரிகளில் அப்படிக் குழுவே கிடையாது. நர்சிங் பக்கம் இருந்தது. சேர்ந்ததால்தான் எங்கள் வேலை முறைப்படி நடந்தது.

கிராமத்தோடு சேர்ந்து படிப்பது வேலூருக்குப் புதிதும் இல்லை. கே.வி.குப்பத்தில் சி.எம்.சி.யின் கிராமச் சுகாதார மையமான ரூஷா 1977-லிருந்து இருக்கிறது, கணியம்பாடி வட்டாரத்தில் அவர்களுடைய சமுதாய நலத் துறை வீடு வீடாகப் போகிறது. எம்.பி.பி.எஸ். பிள்ளைகளையே கிராமத்தில் தங்க வைத்துப் படிக்க வைக்கிறார்கள். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி 2005-ல் வந்துவிட்டது. இத்தனை இருந்தும் ஒரு கலைக் கல்லூரி மாணவி இந்த இடங்களுக்கு நோயாளியைப் பார்க்க வருகிற உறவுக்காரியாகத்தான் போகிறாள். அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஆத்திரம் என்று வந்துவிட்டது, கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் சுயநிதிப் பிரிவு. அரசு சம்பளம் தரும் எய்டட் பிரிவில் அதே பாடத்தை அதே பலகையில் எடுக்கிறவர்களுக்கு யு.ஜி.சி. சம்பளம். எங்களுக்கு அதில் ஒரு துண்டு, அதுவும் மே மாதம் கிடையாது. ஃபீல்டுக்குப் போன நாளை எனக்கு ஓ.டி., அதாவது பணி நாள், என்று போட மறுத்து என் சி.எல். விடுப்பில் கழித்தார்கள். பஸ்ஸுக்கு என் காசு. நாக் குழு வந்த அன்று மட்டும் அந்தக் கிராமத்து போட்டோ ஆளுயரத்துக்கு வரவேற்பறையில் நின்றது. கட்டுரை வெளியானபோது, அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத ஒருவர் பெயர் எனக்கு முன்னால் இருந்தது. புலம்புகிறாள் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். எந்த ஒப்பந்தத்தையும் கடைசியில் இழுத்துக்கொண்டு போகிறவர் சம்பளம் குறைந்த ஒரு பெண் ஆசிரியராகத்தான் இருப்பார், இதை யாராவது ஒருவர் எழுத வேண்டும்.

சரி, உங்கள் விஷயம். ஒப்பந்தம் போட வேண்டாம் என்று சொல்லவில்லை, மேலே கேட்டால் போடத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் அந்தப் பக்கம் ஃபீல்டுக்குப் போகும் ஆசிரியர் ஒருவரைக் கண்டுபிடியுங்கள். துறைத் தலைவரை விட்டுவிடுங்கள். உங்களால் பதில் சொல்ல முடியாத எந்தக் கேள்வி அவருக்குத் தெரியும், அவரால் முடியாத எது உங்களால் முடியும் என்று ஒரு டீ குடித்துக்கொண்டே பேசுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் சேர்ந்து கருத்தரங்கு நடத்திவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு கலைந்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. இருந்தால், இரண்டு கால அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாங்கள் செய்தபோது அவர்களுக்கு வருஷத் தேர்வு, எங்களுக்கு செமஸ்டர், ஒன்றாகக் கிடைத்த காலம் ரொம்பக் கொஞ்சம். 2021-ல் நர்சிங் கவுன்சில் பி.எஸ்சி. நர்சிங்கையும் செமஸ்டர் ஆக்கிவிட்டதால் உங்களுக்குக் கொஞ்சம் சுலபம். ஆனாலும் வார்டு போஸ்டிங் போட்டுவிட்டால் அந்தப் பிள்ளைகளை அசைக்க முடியாது, அந்த மாதங்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மேடம் மாறினால் எல்லாம் படுத்துவிடும். எங்கள் வேலை அப்படித்தான் நின்றது. அந்த நர்சிங் மேடம் வேறு ஊருக்குப் போனார், அடுத்து வந்தவருக்கு வேறு கிராமம், வேறு ஆர்வம். ஒப்பந்தம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, போன வருஷம்கூடப் புதுப்பித்தார்கள். அதனால் ஆரம்பத்திலிருந்தே இரண்டு பக்கமும் இரண்டிரண்டு ஆசிரியர்களை வையுங்கள். கட்டுரையில் யார் பெயர் எத்தனாவது என்பதையும் முதல் கூட்டத்திலேயே மினிட்ஸில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அப்புறம், பீடி சுற்றும் ஊராக இருந்தால் கூலி கொடுக்கிற நாள் எது என்று அங்கன்வாடி டீச்சரிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்குப் போனால் ஒரு வீட்டிலும் ஆள் இருக்காது.