பிரசவத்துக்குப் பின் மேல்வேலைக்கு ஆள்: கேள்வி பதில்

சென்னைப் புறநகரில் வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் அவர்களைத் தேடும் குடும்பங்களுக்கும் நடுவே பல ஆண்டுகளாகப் பேசி வேலை முடித்துத் தருகிறேன். கைக்குழந்தை உள்ள வீடுகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மூன்றாம் மாதம் முடிந்ததும் அம்மா ஊருக்குத் திரும்புகிறார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அரை நாள் ஆள் வைக்கலாமா? (வேளச்சேரி)

குழந்தையை நீங்கள் பாருங்கள் அம்மா, வீட்டைப் பார்க்க ஆள் வையுங்கள். நேற்று வந்தவரின் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, பெற்றவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இரவெல்லாம் விழித்துப் பால் கொடுத்தவளுக்குக் காலையில் வேண்டியது படுக்கை.

பத்துப் பாத்திரம், பெருக்கித் துடைப்பது, குழந்தைத் துணிகளைத் தனியாக அலசிக் காயப்போடுவது, மறுவேளைக்குக் காய் நறுக்கி வைப்பது ஆகிய நான்கையும் பேசிக்கொள்ளுங்கள். சமையலுக்குச் சம்பளம் வேறு. அதை இதோடு சேர்த்துப் பேசினால் இரண்டும் கெடும். முடிந்தால் ஒரே மூச்சாக இரண்டரை மணி நேரம் கேட்காமல், காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று பிரித்துக் கேளுங்கள். பல குழந்தைகள் மாலையில்தான் ஓயாமல் அழும்; அப்போது வீட்டில் இன்னொரு ஆள் நடமாடுவதே உங்களுக்குத் தெம்பு. அம்மா கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே ஆளை வரச் சொல்லுங்கள். எந்தத் துணி எங்கே போகும், குழந்தை தூங்கும்போது எந்த அறையைப் பெருக்கக் கூடாது என்பதெல்லாம் அம்மா இருக்கும்போதே பழகிவிடும்.

சம்பளம் எவ்வளவு என்று எப்படி முடிவு செய்வது? (கோவை)

உங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளில் விசாரியுங்கள். ஏரியாவுக்கு ஏரியா தொகை மாறும் என்பதால் ஒரே கணக்கை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். விசாரிக்கும்போது எத்தனை மணி நேரம், எத்தனை பேர் உள்ள வீடு என்பதையும் கேளுங்கள். கைக்குழந்தை வீட்டில் துணியும் பாத்திரமும் கூடுதல். அதற்குத் தகுந்தபடி கூட்டித்தான் தர வேண்டும். "விருந்தாளி வந்திருக்கிறார்கள், கொஞ்சம் கூட இருங்கள்" என்றால் அந்த நேரத்துக்கும் காசு உண்டு. மாதம் நான்கு நாள் விடுமுறை, தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஒரு மாதச் சம்பளம் போனஸ், மாதத்தின் எந்தத் தேதியில் சம்பளம் என்பதை முதல் நாளே பேசி ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேலையும் உங்களுக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று நல வாரியம் 2007 முதல் இயங்குகிறது. 18 வயது முடிந்து 60 வயதைத் தாண்டாதவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் உதவித்தொகை, விபத்து உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் அதில் வரும். பல பெண்களுக்கு இது தெரியவே தெரியாது. ஒரு மதியம் அவரோடு உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள்.

குளிப்பாட்ட வரும் பாட்டி மூக்கில் எண்ணெய் விடுகிறார், சாம்பிராணி காட்டுகிறார். தடுத்தால் கோபம் வருகிறது. (மதுரை)

அந்தப் பாட்டிகளின் கைப்பக்குவத்தின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. காலில் போட்டுக் கழுத்தைத் தாங்கித் தண்ணீர் ஊற்றும் லாவகம் புதிதாகப் பெற்றவளுக்கு உடனே வராது. உடம்பில் இதமாக எண்ணெய் தடவட்டும். ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, வாயில் விரல் விட்டுச் சளி எடுப்பது, மூக்கில் ஊதுவது ஆகியவை கூடவே கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். சாம்பிராணிப் புகையும் பிஞ்சு நுரையீரலுக்குக் கெடுதல். உரை மருந்து, தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம்; ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை. ஒரு வயது வரை தேன் ஆபத்து.

எப்படிச் சொல்வது? "டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் பாட்டி" என்று சொல்லுங்கள். மருத்துவர் பேரில் சொன்னால் பாட்டியின் மரியாதைக்கும் குறை வராது. அதன் பிறகும் கேட்காவிட்டால் குளிப்பாட்டும் நேரத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள்.

ஊரிலிருந்து 13 வயதுப் பெண்ணை அனுப்புவதாகச் சொந்தக்காரர் சொல்கிறார். "சும்மா குழந்தையோடு விளையாடட்டும்" என்கிறார். (திருவண்ணாமலை)

வேண்டாம். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவள். உங்கள் சொந்தக்காரரிடம் இதைச் சொல்லிவிட்டு, அவளுடைய படிப்புச் செலவுக்கு முடிந்ததைக் கொடுங்கள்.

விடுப்பில் வீட்டில்தானே இருக்கிறாய், ஆள் எதற்கு என்கிறார் கணவர். (தாம்பரம்)

26 வார விடுப்பைச் சட்டம் கொடுப்பது உடம்பு தேறவும் குழந்தைக்குப் பால் கொடுக்கவும்தான். சிசேரியன் என்றால் தண்ணீர்க் குடம் தூக்குவதும் குனிந்து துடைப்பதும் முதல் ஆறு வாரத்துக்கு ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு வீட்டு வேலையையும் அவரிடம் விடுங்கள். அதற்குப் பிறகும் ஆள் வேண்டாம் என்றால், தினமும் அவரே செய்யட்டும். அதுவும் நல்ல ஏற்பாடுதான்.

உடல்நலச் சான்றிதழ் கேட்கலாமா? மாமியார் தனி டம்ளர் வைக்கச் சொல்கிறார். (மேற்கு மாம்பலம்)

இரண்டையும் கலக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம், கூடவே நீங்கள் போங்கள். சளி, காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். சம்பளத்தைப் பிடித்தால் அவர் காய்ச்சலோடுதான் வருவார். உள்ளே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது வீட்டுக்கு வரும் எல்லோருக்கும் பொது, மாமியாரைப் பார்க்க வரும் உறவினர் உட்பட.

தனி டம்ளர் நோய்க்கான காவல் இல்லை, அது தீண்டாமை. உங்கள் பிள்ளையின் துணியை அலசும் கைக்கு உங்கள் டம்ளரில் காப்பி கொடுங்கள். மாமியாரிடம் அதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர்.

ஆள் வைத்த பிறகும் அழுகை நிற்கவில்லை. எதிலும் மனம் ஒட்டவில்லை. குழந்தைக்கு நான்கு மாதம். (ஊர் வேண்டாம்)

பிரசவத்துக்குப் பின் இரண்டு வாரம் வரை வரும் அழுகை தானாகத் தணியும். நான்கு மாதம் நீடித்தால் அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. இன்றே 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் அழையுங்கள், தமிழில் பேசலாம். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். உங்களையோ குழந்தையையோ துன்புறுத்தத் தோன்றினால் ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வேலைக்குத் திரும்பும்போது குழந்தையை மாமியார் வீட்டில் விடப்போகிறோம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவை எப்படி நிறுத்துவது? (குரோம்பேட்டை)

ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள், அல்லது ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுங்கள். வாங்கிய முன்பணத்தில் மீதி இருந்தால் கடைசி மாதத்தில் மொத்தமாகப் பிடிக்காதீர்கள். உங்கள் அடுக்ககத்திலேயே கர்ப்பிணிப் பெண் யாராவது இருப்பார். அவரிடம் இவரை அழைத்துப் போய் அறிமுகப்படுத்துங்கள். கைக்குழந்தை வீட்டு வேலை தெரிந்தவருக்கு அடுத்த வீட்டில் நூறு, இருநூறு கூடுதலாகவே கேட்டு வாங்கிக் கொடுக்கலாம்.