கேள்வி - பதில்: வயிறு நிறைந்தும் மடியும் கொடுவாக் குஞ்சுகள்

கேள்வி: சிறிய அளவில் கொடுவா மீன் பொரிப்பகம் நடத்துகிறோம். ரொட்டி ஈஸ்ட்டில் வளர்த்த, ரோட்டிபர் என்னும் நுண்ணிய நீர்வாழ் உயிரிகளைக் குஞ்சுகளுக்கு உணவாகத் தாராளமாகவே கொடுக்கிறோம். வயிறு நிறைந்திருக்கும் குஞ்சுகள்கூட இரண்டாவது வாரத்தில் கூட்டமாக இறக்கின்றன. காரணம் என்ன?
- வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: நீரின் தரமும் நோயும் காரணமாக இருக்கலாம் என்பதால் அவற்றையும் சோதித்துவிடுங்கள். ஆனால், உங்கள் விவரத்தைப் பார்க்கும்போது முதலில் ஐயுற வேண்டியது ஈஸ்ட்டைத்தான். ரோட்டிபர் எதைத் தின்றதோ அதுவே குஞ்சின் வயிற்றுக்குள் போகிறது. கடல்மீன் குஞ்சுகளின் மூளை, கண், நரம்பு ஆகியவற்றின் வளர்ச்சிக்கு இபிஏ, டிஹெச்ஏ என்னும் கொழுப்பு அமிலங்கள் தேவை. அவற்றைத் தேவையான அளவுக்குத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும் திறன் அக்குஞ்சுகளுக்கு இல்லை. ஈஸ்ட்டில் இவ்விரண்டும் இல்லாததால், அதை மட்டுமே தின்ற ரோட்டிபர் எண்ணிக்கையில் பெருகுமே தவிர, குஞ்சுக்கு ஊட்டம் தராது.

நானோகுளோரோப்சிஸ் பாசிக்கு மாறுவது நல்லதுதான். ஆயினும் அதில் இபிஏ மிகுதியாக இருந்தாலும் டிஹெச்ஏ ஏறத்தாழ இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எனவே ஐசோகிரைசிஸ் பாசியையும் சேர்த்துக் கொடுங்கள். இயலாவிட்டால், அறுவடை செய்த ரோட்டிபர்களைக் குஞ்சுகளுக்கு இடுவதற்கு முன் சில மணி நேரம் டிஹெச்ஏ மிகுந்த எண்ணெய்ப் பால்மத்தில் (எண்ணெய் நுண்துளிகளாகக் கலந்த நீரில்) வைத்திருந்து, பிறகு சுத்தமான கடல்நீரில் நன்றாகக் கழுவி இடுங்கள். குஞ்சுத் தொட்டியில் உணவில்லாமல் நீந்தும் ரோட்டிபர் தன் ஊட்டத்தை விரைவாக இழந்துவிடும் என்பதால், அந்தத் தொட்டி நீரிலும் நுண்பாசி கலந்து பசுமையாக வைத்திருப்பது அவசியம். ஒரே வேளையில் மொத்தமாகக் கொட்டாமல், சிறுசிறு அளவாகப் பல வேளை இடுவதும் இதனால்தான்.

கேள்வி: நன்றாகப் பெருகிக்கொண்டிருக்கும் ரோட்டிபர் தொட்டி திடீரென்று ஓரிரு நாளில் அழிந்துவிடுகிறது. முன்கூட்டியே அறிய முடியுமா?
- வாசகர், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: பெரும்பாலும் அறியலாம், அதற்கு நாள்தோறும் நுண்ணோக்கியில் பார்க்கும் பழக்கம் வேண்டும். எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். நலமான தொட்டியில் பெண் ரோட்டிபர்கள் ஆண் இன்றியே முட்டையிட்டுப் பெருகும். முட்டை சுமக்கும் பெண்களின் விகிதம் நாளுக்கு நாள் இறங்கினால், எண்ணிக்கை உயர்ந்திருந்தாலும் வீழ்ச்சி நெருங்குகிறது என்று கொள்ளுங்கள். உருவில் சிறிய, விரைந்து நீந்தும் ஆண்கள் தென்படுவதும், தடித்த ஓடுடைய உறங்கு முட்டைகள் தோன்றுவதும் எச்சரிக்கைகளே.

மிஞ்சிய ஈஸ்ட் அடியில் தங்கி அழுகுவதால் அம்மோனியா ஏறுகிறது. நீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடக்கூட, அந்த அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு பெருகும் என்பதால், நம் கடற்கரையின் கோடையில் இந்த ஆபத்து அதிகம். 10 லட்சம் ரோட்டிபர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம் ஈஸ்ட் போதும். அதையும் பல வேளையாகப் பிரித்து இடுங்கள். யூப்ளோட்டிஸ் போன்ற ஒற்றைச்செல் உயிரிகள் பெருகியிருந்தால், 50 மைக்ரான் வலையில் ரோட்டிபர்களை வடித்துக் கழுவி, நன்கு சுத்தம் செய்த வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். சிறிய உயிரிகளில் பெரும்பகுதி வலையின் வழியே வெளியேறிவிடும்.

பெரிய தொட்டிகளோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத தனி அறையில், தனிக் கருவிகளைக் கொண்டு, சிறு குடுவைகளில் தாய் வளர்ப்பை, அதாவது வித்துக்கான ரோட்டிபர்களை, பேணி வருவது கட்டாயம். தொட்டி அழிந்த பிறகு வேறிடத்தில் வித்து தேடுவதற்குள் குஞ்சுகள் பட்டினியால் இறந்துவிடும்.