குஞ்சு துப்பும் தீவனம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தொட்டியில் விட்ட சாதாக் கெண்டைக் குஞ்சுகள், புதிதாக வாங்கிய தீவனத்தை வாயில் எடுத்துத் துப்பிவிடுகின்றன. "பழகிவிடும்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? (கோத்தகிரி)

கெண்டைக்கு வாய்க்குள் மட்டுமல்லாமல் உதட்டிலும் மீசையிலும் சுவை மொட்டுகள் உண்டு. சேற்றோடு சேர்த்து அள்ளி, உணவை விழுங்கி மற்றதைத் துப்புவது அதன் இயல்பு என்பதால், ஓரிரு முறை துப்புவதைக் கண்டு கலங்க வேண்டாம். அதே குருணையைத் திரும்பத் திரும்ப எடுத்துத் துப்பிவிட்டு, கடைசியில் அடியில் தங்க விட்டுவிட்டால் குறை தீவனத்தில் இருக்கலாம். குருணை குஞ்சின் வாய்க்குப் பெரிதா என்று பாருங்கள். விரலால் நசுக்கி முகர்ந்து, காறிய எண்ணெய் வாடை அடிக்கிறதா என்றும் பாருங்கள். மார்கழிக் காலை நீரில் கெண்டை மந்தமாகவே தின்னும். ஆகவே வெயில் ஏறிய பிறகு பழைய தீவனத்தையும் புதியதையும் அடுத்தடுத்துப் போட்டுச் சோதியுங்கள். பழையதை விழுங்கிப் புதியதை மட்டும் துப்பினால், அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, பில்லோடு கடைக்குச் செல்லுங்கள்.

ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு மலிவாகக் கிடைக்கிறது. எதைப் போட்டாலும் தின்னுமாம். வாங்கலாமா? (கூடலூர்)

கூடாது. வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன் அது.

தீவனத்தில் கலக்கும் 'சுவையூட்டி' திரவம் வாங்கினேன். புட்டியில் உட்பொருள் விவரம் இல்லை, பில்லும் வாங்கவில்லை. மீன் வளரவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? (குன்னூர்)

உட்பொருள் தெரியாத ஒன்றைப் பில் இல்லாமல் வாங்கிய பிறகு, எதைக் காட்டிப் பணத்தைக் கேட்பீர்கள்? இந்தப் புட்டிகளைப் பற்றி எனக்கு நெடுநாள் ஆதங்கம் உண்டு. நான் வாங்கிய ஒன்றில் வாசனை ஊரைத் தூக்கியது. குஞ்சுகள் ஓடி வந்து தீவனத்தைக் கவ்வி, வந்த வேகத்திலேயே துப்பின. மணம் மீனை அருகே அழைக்கும். விழுங்குவதா வேண்டாமா என்பதை வாய்க்குள் இருக்கும் சுவைதான் முடிவு செய்கிறது. அந்தச் சுவையும் இனத்துக்கு இனம் மாறும். புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களுள் சிஸ்டீன், புரோலின் போன்றவற்றைக் கெண்டை விரும்புவதாகவும், வேலினை ஒதுக்குவதாகவும் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஓர் இனம் விரும்புவதை வேறோர் இனம் துப்பும். அப்படியிருக்க, 'எல்லா மீனுக்கும்' என்று அச்சிட்ட புட்டியை விற்பவர் எந்த மீனின் சுவையை அறிந்து அதைத் தயாரித்தார்? எந்த மீனுக்கு, எந்தப் பொருள், எவ்வளவு என்று எழுத்தில் தராதவரிடம் வாங்காதீர்கள்.

மொட்டைமாடித் தொட்டியில் டிரவுட் வளர்க்கலாம் என்று குஞ்சு விற்க வருகிறார்கள். (உதகை)

டிரவுட்டுக்குக் குளிர்ந்த, உயிர்வளி நிறைந்த ஓடுநீர் வேண்டும். நீலகிரியின் அவலாஞ்சியில் 1907-இல் அதற்கெனப் பொரிப்பகம் அமைந்ததும் ஓடைநீரை நம்பித்தான். வெயிலில் சூடேறும் தேங்கிய நீரில் வளர்க்க வாங்காதீர்கள்.

கடன் வாங்கிப் பத்து மூட்டை தீவனம் எடுத்தேன். அச்சிட்ட புரத அளவின் மேல் வேறு சீட்டு ஒட்டியிருக்கிறது. குஞ்சுகள் தின்னாமல் மெலிகின்றன. மீன் விற்பவன் நுகர்வோர் ஆகமாட்டான் என்று கடைக்காரர் விரட்டுகிறார். (எமரால்டு)

அவர் உங்களை மிரட்டப் பார்க்கிறார், அஞ்சாதீர்கள். வணிகத்துக்காக வாங்குபவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கினாலும், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்குபவரை அது நுகர்வோராகவே ஏற்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, 2 ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பிரிக்காத மூட்டை ஒன்றை, ஒட்டிய சீட்டைக் கிழிக்காமல், ஈரம் படாத இடத்தில் பத்திரப்படுத்துங்கள். ஆணையம் ஆய்வகச் சோதனைக்கு அனுப்பும்போது மாதிரி எடுக்க அது வேண்டும்.