மோரிப் கடல்நீர்ப் போத்தலில் முட்டை வாடை

போத்தலில் வரும் அழுகிய முட்டை வாடை, நீங்கள் தேடும் டிஎம்எஸ் (டைமெத்தில் சல்பைடு என்ற கந்தக வாயு) தானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அது ஹைட்ரஜன் சல்பைடு. சிலாங்கூரின் மோரிப் கடற்கரையில் சேற்றோடு அள்ளிய கடல்நீரை மூடி இறுக்கி, பந்திங் வீட்டில் ஒரு வாரம் வைத்ததாக எழுதியிருந்தீர்கள். காரணம் அந்த மூடிதான். உயிர்வாயு தீர்ந்ததும் சேற்றுப் பாக்டீரியாக்கள் சல்பேட்டைக் கொண்டு சுவாசிக்கும், ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடும். லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட் கடல்நீரில் உண்டு, பஞ்சமே இல்லை.

அடிச்சேறு மையாகக் கறுத்திருக்கிறதா பாருங்கள். அது இரும்பு சல்பைடு. பழைய வெள்ளிக் கொலுசின் மணி ஒன்றை மூடிக்கு அடியில் நூலில் தொங்கவிட்டால் அதுவும் கறுக்கும் (அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள்). போத்தலை வெளியே வாசலில் திறங்கள். நச்சு வாயு, மூக்கை அருகே கொண்டுபோக வேண்டாம்.

டிஎம்எஸ் வரும் வழி வேறு. நுண்பாசிகள் டிஎம்எஸ்பி என்ற கந்தகப் பொருளைச் செய்கின்றன. அவை சாகும்போதும், மேயப்படும்போதும் அது நீரில் கசியும். பாக்டீரியாக்கள் அதில் பெரும்பகுதியை உணவாகவும் தம் புரதத்துக்கான கந்தகமாகவும் எடுத்துக்கொள்ளும். ஒரு பங்கை உடைக்கும்போதுதான் டிஎம்எஸ் பிறக்கிறது.

அப்புறம், டிஎம்எஸ் எந்த மாதம் கூடும் என்று நீங்கள் வரைந்த பருவ வரைபடம். ஐரோப்பாவின் வட கடலில் டிஎம்எஸ் காணும் வசந்த, கோடை ஏற்றத்தை நம் மலேசிய மாதங்களில் அப்படியே ஒட்டாதீர்கள். நமக்கு நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று, மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு. மழை, ஆற்றுக் கலங்கல், பாசி அளவு மூன்றையும் மாதவாரியாகக் குறியுங்கள். டிஎம்எஸ் அளவை மட்டும் வாடையை வைத்து எழுதாதீர்கள், அதற்கு வாயுக்களைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பிரிகைக் கருவி (gas chromatograph) வேண்டும்.