ஜார்ஜ் எம். கோஹன் நடிகரா, பாடலாசிரியரா, தயாரிப்பாளரா?

மூன்றும்தான். நாடகமும் எழுதினார், நடனமும் ஆடினார். 1878இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் பிறந்தவர். அப்பா, அம்மா, அக்கா ஜோசி எல்லோருமே மேடைக் கலைஞர்கள். நால்வரும் ‘ஃபோர் கோஹன்ஸ்’ என்ற பெயரில் ஊர் ஊராகப் போய் வாட்வில் என்ற பல்சுவை நிகழ்ச்சிகளில் ஆடிப் பாடினார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் அம்மா, அப்பா, அக்கா சார்பிலும் பார்வையாளர்களுக்கு நன்றி சொல்வது அவர் வழக்கம். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

திருப்புமுனை 1904. தயாரிப்பாளர் சாம் ஹாரிஸுடன் கூட்டுச் சேர்ந்து அரங்கேற்றிய ‘லிட்டில் ஜானி ஜோன்ஸ்’ இசை நாடகத்தில் கதை, பாட்டு, இசை, நாயகன் வேடம் எல்லாமே அவர்தான். இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்துக்குப் போகும் ஒரு அமெரிக்கக் குதிரையோட்டியின் கதை. ஓபரெட்டா என்ற ஐரோப்பிய மெல்லிசை நாடகப் பாணி ஓங்கியிருந்த காலத்தில் அமெரிக்கத் தெருப்பேச்சையும் வேகத்தையும் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேக்குக் கொண்டுவந்தார். அவருடைய பெரிய சாதனை இதுதான் என்பேன்.

1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும் ‘ஓவர் தேர்’ பாடலை எழுதினார். நாடே பாடியது.

1919இல் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது மட்டும் தயாரிப்பாளர்கள் பக்கம் நின்றார். அது தவறு என்றே நினைக்கிறேன். நெருங்கிய நண்பர்கள் பலரை அதனால் இழந்தார்.

அப்புறம் 1937இல் ஒரு இசை நாடகத்தில் அதிபர் ரூஸ்வெல்ட்டாகவே நடித்தார். 1942இல் காலமானார். அவர் சிலை நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் நிற்கிறது.