மூன்று தொட்டிக்கும் ஒரே சொம்புத் தண்ணீரா?

கேள்வி: திருப்பூரில் மொட்டை மாடியில் ஆல், அடீனியம், ஜூனிபர் (குளிர்ப் பிரதேசத்து ஊசியிலை மரம்) என மூன்று போன்சாய், அதாவது தொட்டியில் குள்ளமாக வளர்க்கும் மரங்கள், வைத்திருக்கிறேன். தினமும் சாயங்காலம் ஆளுக்கொரு சொம்பு போர் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆலில் இலை கொட்டுகிறது, அடீனியம் அடியில் கொழகொழக்கிறது, ஜூனிபர் பழுப்பாகிறது. எங்கே தப்பு?

பதில்: மூன்றுக்கும் ஒரே சொம்பு என்பதில்தான்.

அடீனியத்துக்குத்தான் அவசரம். தன் அடிக்கிழங்கிலேயே தண்ணீரைச் சேர்த்துவைக்கும் செடி அது; மண் முழுக்கக் காயுமுன் ஊற்றினால் அழுகும். கட்டைவிரலால் அடியைச் சுற்றி அமுக்கிப் பாருங்கள். அமுங்கும் இடத்தைச் சுத்தமான கத்தியால் வெள்ளைச் சதை தெரியும்வரை சீவுங்கள். ஒரு பழுப்புப் புள்ளி மிஞ்சினாலும் அழுகல் திரும்பும். அதன் பால் நஞ்சு, கையுறை கட்டாயம். பூஞ்சைக்கொல்லித் தூள் தடவி, நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். பிறகு செங்கல் ஜல்லியும் பருமணலும் சேர்ந்து 3 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு கலந்து நடுங்கள். நட்ட பிறகும் ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம்.

ஆல் இதற்கு நேர்மாறு. தட்டைத் தொட்டியில் மண் கொஞ்சம்தான். சித்திரை வெயிலிலும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடியிலும் அது அரை நாளில் காய்ந்துவிடும். அப்போதெல்லாம் காலை, மாலை இருவேளையும் அடித்துளையில் வடியும்வரை ஊற்றுங்கள். இலை கொட்டுவது நிற்கும். மாசி, பங்குனியில் வேரில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து மாற்றி நட்டாலும் தாங்கும். கிளையை மொட்டையாக வெட்டினாலும் துளிர்க்கும். கிளையை வளைத்து வடிவமைக்கக் கம்பி சுற்றியிருந்தால் மட்டும் வாரம் ஒருமுறை பாருங்கள். வேகமாகப் பருக்கும் மரம், பட்டையில் கம்பி பதிந்தால் தழும்பு போகாது.

ஜூனிபர் கண்ணை ஏமாற்றும். வேர் செத்துச் சில வாரங்கள் கழித்தும் பச்சையாகவே நிற்கும். நகத்தால் தண்டை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே ஈரப்பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. இனி மேல்மண் ஒரு விரற்கடை காய்ந்த பிறகே ஊற்றுங்கள். உப்புள்ள போர் தண்ணீரில் இதன் நுனி கருகும். மழைத்தண்ணீர் பிடித்துவைத்து ஊற்றுவது நல்லது. ஆலைப் போல மொட்டையடிக்கக் கூடாது, பச்சை முழுக்கப் போன கிளை மறுபடி துளிர்க்காது.

குளிர்கால ஓய்வு கிடைக்காததால் சமவெளியில் ஜூனிபர் வருடத்துக்கு வருடம் நோஞ்சானாகும். கோத்தகிரியில் என்றால் தாராளமாக வைக்கலாம். உங்கள் மாடிக்குக் கொடுக்காப்புளிதான் சரி: வெயில் தாங்கும், சின்ன இலை, வெட்ட வெட்டத் துளிர்க்கும். முள் இருக்கும், கம்பி சுற்றுமுன் முள்முனைகளை நறுக்கிவிடுங்கள்.