வெயில் காலம், 18 நாள் குழந்தை: தண்ணீர் கொடுக்கலாமா?

கேள்வி: பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு, கடலூர் முதுநகருக்கு வந்திருக்கிறேன். மகளுக்கு இன்று 18 நாள். பிறந்தபோது 2.9 கிலோ. சாயங்காலம் ஆனால் விடாமல் அழுகிறாள். பால் குடித்து அரை மணி ஆகாது, மறுபடி வாய் தேடுகிறாள். ‘உனக்குப் பால் பத்தலை, ராத்திரிக்கு டின் பால் கலக்கு’ என்கிறார் அத்தை. ‘அக்னி வெயிலுக்கு நாக்கு வறண்டுடும், ரெண்டு சங்கு தண்ணி ஊத்து’ என்கிறார் ஆயா. உரை மருந்தும் தயாராக வைத்திருக்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: தண்ணீர் வேண்டாம்மா. கொதிக்க வைத்து ஆற்றியதாக இருந்தாலும் வேண்டாம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். அக்னி நட்சத்திரத்துக்கும் அது போதும். அவள் வயிறு ரொம்பச் சின்னது. அதில் தண்ணீர் போனால் அந்த அளவுக்குப் பால் குறையும், எடை ஏறாது. அதிகமாகப் போனால் ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்புகூட வரலாம். வெயில் கூடினால் இன்னும் இரண்டு தடவை பால் கொடுங்கள். மெல்லிய பருத்திச் சட்டை போடுங்கள், ஃபேன் ஓடட்டும், துணியில் இறுகச் சுற்ற வேண்டாம். தண்ணீர் தேவைப்படுவது உங்களுக்கு. பத்தியம் என்று பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் வீடுகள் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன. தாகம் எடுத்தால் குடியுங்கள், யாரையும் கேட்க வேண்டாம்.

சரி, பால் போதுமா? சாயங்கால அழுகையை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. இரண்டு மூன்று வாரத்தில் இந்த அழுகை தொடங்குவதும், ஆறாவது வாரம் வரை கூடிக்கொண்டே போவதும் சகஜம். அந்த நேரத்தில் அடிக்கடி வாய் தேடுவதும் அப்படித்தான். நீங்கள் பார்க்க வேண்டியது ஈரத் துணி. ஒரு நாளைக்கு டயப்பர் மாட்டாமல் துணி கட்டி எண்ணுங்கள். 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல், வெளிறிய நிறத்தில் சிறுநீர் போக வேண்டும். அப்புறம் எடை. பிறந்த சில நாட்களில் கொஞ்சம் இறங்கும் எடை, இரண்டு வாரத்துக்குள் பழையபடி ஏறிவிட வேண்டும். அதாவது உங்கள் மகள் இப்போது 2.9 கிலோவைத் தாண்டியிருக்க வேண்டும். நாளைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை போடுங்கள். தாண்டியிருந்தால் எடை எழுதிய அட்டையை அத்தையிடம் காட்டுங்கள். நீங்கள் வாதாட வேண்டியதில்லை. தாண்டவில்லையா? டாக்டர் முன்னாலேயே பால் கொடுத்துக் காட்டுங்கள். குழந்தை காம்பை மட்டும் கவ்வினால் பால் சரியாக வராது, உங்களுக்கும் வலிக்கும். சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும்.

டின் பால், டாக்டர் எடை பார்த்துச் சொன்னால் மட்டும். குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். அதற்கான ஹார்மோன் இரவில்தான் அதிகம். ராத்திரி டின் பால் கொடுத்துவிட்டு நீங்கள் தூங்கினால், போதுமான பாலும் கொஞ்ச நாளில் நிஜமாகவே போதாமல் போய்விடும்.

உரை மருந்தும் வேண்டாம். வசம்பு, ஜாதிக்காய் எல்லாம் எத்தனை உரசு உரசினால் எவ்வளவு உள்ளே போகிறது என்று யாராலும் அளக்க முடியாது. நாக்கில் தேன் தடவுவது அதைவிட ஆபத்து. ஒரு வயது வரை கூடாது. ஆயாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவரிடம் மீன் குழம்பு வைக்கச் சொல்லுங்கள். துறைமுகம் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள்! நெத்திலி, மத்தி தாராளமாகச் சாப்பிடலாம். பால் சுறா புட்டு எப்போதாவது போதும், சுறாவில் பாதரசம் சேரும்.

ஒரே ஒரு விஷயத்தில் ஆயா, அத்தை, நான் யார் சொல்வதையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, உடம்பு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, தொட்டால் சில்லென்று இருந்தாலோ, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினாலோ, நடு ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.